ஏழு நிமிடம் பிந்திய ஜனாதிபதி

வெட்கமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலத்தில், ஒஸ்லோவில், என் ஓய்வு நேரம் முழுவதும் ஒரு நண்பர் பொய் சொல்கிறார் என்று நிரூபிப்பதிலேயே போனது. அதற்காக இரண்டு நாடுகளின் அரச ஆவணங்களைக் கிளறினேன். மற்றவர்கள் இந்த மாதிரி வேலையை ஒரு தொலைபேசி அழைப்பில், தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள். நான் நாலு புத்தகம் படித்தவன். எனக்கு ஆதாரம் வேண்டும்.

நண்பர் என்னைவிட நாலு வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஹவுகெட்டோவில் இருக்கிறார். இப்போது பேருந்து ஓட்டுகிறார் என்றாலும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் பெரிய சமையலறைகளில் பாத்திரம் கழுவியவர். நான் அவரோடு பழகத் தொடங்குவதற்கு முந்திய அந்தக் காலத்தில், ஒரு பெரிய நாட்டின் ஜனாதிபதி ஒஸ்லோவுக்கு வந்தார். நோர்வே அரசாங்கம் அவருக்கு மதிய விருந்து கொடுத்தது. விருந்து முடிந்ததும் ஜனாதிபதி நேரே சமையலறைக்குள் வந்து, கழுவுகிற தொட்டியடியில் நின்ற அண்ணைக்குக் கை கொடுத்தார். இதுதான் அண்ணையின் கதை. பிறந்தநாள் வீடோ செத்த வீடோ, நாலு பேர் கூடினால் அது வரும்.

"கையைத் துடைக்கவும் விடேல்லை ஐசே. நுரையோடையே பிடிச்சிட்டார்."

அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அடுப்படியில் நின்றபடி ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்வார். "அண்டைக்கிலையிருந்து வீட்டிலை ஒரு கோப்பை கழுவினதில்லை. ஜனாதிபதி பிடிச்ச கையெல்லோ."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் நம்பமாட்டேன். நம்பாததற்கு அறிவுபூர்வமான காரணங்கள் பல சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் வேறு. அன்றைக்கு நானும் அந்த ஜனாதிபதியைப் பார்க்கப் போனவன். கார்ல் யோஹான் வீதியில், தடுப்புக் கம்பிக்குப் பின்னால், என் கால்விரல்கள் வேறு யாருடையவோ என்று தோன்றும்வரை மூன்று மணித்தியாலம் நின்றேன். கண்டது ஒரு பொலிஸ் குதிரையின் பின்பக்கத்தை மட்டும். அந்த நாட்டின் முன்னைய ஜனாதிபதிகளை வரிசை பிசகாமல் சொல்லக்கூடிய எனக்குக் குதிரை. அவர்களில் ஒருவரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத அண்ணைக்குக் கை. இதை நம்ப மனம் எப்படி வரும்?

அண்ணைக்கு அறுபது வயது வந்தது. அவருடைய ஒரே மகள், நோர்வேயில் பிறந்து இங்கேயே மருத்துவமனையில் வேலை பார்ப்பவள், லோறென்ஸ்கூக்கில் மண்டபம் எடுத்து விழா வைக்க முடிவெடுத்தாள். விழாவுக்கு அப்பாவைப் பற்றி ஒரு சின்ன மலர். எழுதும் பொறுப்பு எனக்கு. அதைப் பற்றிக் கதைக்க ஒரு சனிக்கிழமை மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, அந்த ஜனாதிபதிக் கதையைப் போடுறதோ விடுறதோ?"

"போட்டால் என்ன பிள்ளை?"

"ஷில்டெ இருக்கோ?"

ஷில்டெ என்றால் ஆதாரம். நோர்வேயில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இந்தச் சொல் இல்லாமல் காலைச் சாப்பாடுகூடச் சாப்பிடமாட்டார்கள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நாலாம் வகுப்பிலை நான் இதைச் சொன்னனான் மாமா. முழுக் கிளாசும் சிரிச்சது. ரீச்சர் பிறகு என்னைத் தனியக் கூப்பிட்டு, அப்பாமார் சில நேரம் பிள்ளையளுக்குக் கதை கட்டுவினம், அது பிழையில்லை எண்டவா. நல்ல மனுசி. அதுதான் கூடுதலா நொந்தது. அதுக்குப் பிறகு அப்பா இந்தக் கதையைத் தொடங்கினால் நான் எழும்பிப் போயிடுவன்."

தேநீரைக் கலக்கினாள். பிறகு சொன்னாள்: "உண்மையெண்டால் முதல் பக்கத்திலை போடுவம். இல்லாட்டி அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டிடுவம். நீங்கள்தானே உதெல்லாம் தேடத் தெரிஞ்ச ஆள்."

கடைசி வசனந்தான் என்னைக் கெடுத்தது. நகரசபை அலுவலகத்தில் கோப்புகளுக்கு இலக்கம் போடுகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் தன்னை ஒரு வரலாற்றாசிரியன் என்றே நினைத்துவிடுவான்.

முதலில் ஜனாதிபதியின் நாட்டிலிருந்து தொடங்கினேன். அந்த நாட்டு ஆவணக்காப்பகம் அவருடைய பதவிக்காலத்தின் ஒவ்வொரு நாளையும் நிமிடக் கணக்கில் எழுதி இணையத்தில் போட்டிருக்கிறது. எத்தனை மணிக்கு எழுந்தார், யாரோடு தொலைபேசியில் பேசினார், எந்தக் கதவால் வெளியே போனார், எல்லாம் உண்டு. ஒஸ்லோவில் அவர் இருந்த அந்த ஒரு நாளை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். என் கல்யாண நாளைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு தெரியாது. விருந்து என்று ஒரு வரி. அடுத்த வரியில் ஜனாதிபதி காரில் இருக்கிறார். நடுவில் சமையலறை இல்லை. நோர்வேயின் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இருந்ததைவிடக் கார் ஏழு நிமிடம் பிந்திப் புறப்பட்டிருந்தது. பெரிய மனிதர்கள் மேலங்கி போட நேரம் எடுக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு நோர்வே. இங்கே அரசாங்கக் கோப்பைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். ஐந்து வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. மோர்டென்ஸ்ருட்டில் சுரங்க ரயில் ஏறி, நடுவில் மாறி, நகரத்தின் மறு கோடியில் ஆவணக்காப்பகத்துக்குப் போனேன். மேலங்கியையும் பையையும் பூட்டி வைக்கச் சொன்னார்கள். பேனை கூடாது, பென்சில்தான். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் சந்தேகித்ததில்லை, எனக்குப் பிடித்திருந்தது.

சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்தது. யார் யார் எங்கே இருப்பது, என்ன சூப், எல்லாம் இருந்தது. அதோடு, பாதுகாப்புக்காக எடுத்த சமையலறைப் பணியாளர் பட்டியல். எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு முதலெழுத்தும் அதன் பின்னால் ஒரு பெயரும். ஏழு பேர் வேறு நாட்டவர்கள். ஆறாவது ஆள் தமிழர்.

ஆனால் அது அண்ணையின் பெயர் இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பொய் என்று மட்டுமல்ல, எங்கிருந்து எடுத்த பொய் என்பதும் தெரிந்துவிட்டது. வேறொரு தமிழருக்கு ஜனாதிபதி கை கொடுத்திருக்க வேண்டும். அண்ணை அந்தக் கையைத் தூக்கித் தன் கையில் மாட்டிக்கொண்டுவிட்டார். பெட்டியில் மிச்சத்தைப் படிக்கவும் இல்லை. ரயிலில் வீடு திரும்பும்போது யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் பனிச்சறுக்குக் கட்டைகளோடு நித்திரை.

அன்று பின்னேரம் அண்ணையின் மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒரு சின்னச் சிக்கல் கிடக்குப் பிள்ளை" என்றேன்.

"ஓம் மாமா," என்றாள். அவ்வளவுதான். பிறகு, "நான் நினைச்சனான்" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டபோதே எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விவரத்தை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி, அனுதாபமும் மேதாவித்தனமும் சரி பாதி கலந்து ஒரு நீண்ட செய்தியைத் தொலைபேசியில் தட்டி முடித்தேன். அனுப்பவில்லை. காரணம் நல்ல மனசு அல்ல. பட்டியலின் கோப்பு இலக்கத்தைக் குறிக்க மறந்துவிட்டேன். ஷில்டெ கேட்ட பிள்ளைக்கு இலக்கம் இல்லாமல் அனுப்புவது எனக்கு இழுக்கு. வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு மறுபடியும் போனேன். வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போக வேண்டும்.

அன்றைக்கு வாசிப்பறையில் வேறொரு பெண் இருந்தாள். பெட்டி எந்தப் பெயரில் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டாள். நான் யோசிக்காமல் என் அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. நோர்வேக்காரருக்குக் குடும்பப் பெயர் வேண்டும். எங்களுக்கு அது இல்லை. அதனால் வந்த அன்றே அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம். என் அப்பா ஒஸ்லோவைக் கண்டதே இல்லை. ஆனாலும் இந்த நகரத்தில் அவருடைய பெயரில் பல்லுப் பிடுங்கியிருக்கிறார்கள். பிழையான இடத்தில் கார் நிறுத்தினதற்குக் கடிதம் வந்திருக்கிறது.

அவள் பெட்டியைத் தந்தாள். மேலே ஒரு கடதாசித் துண்டு. என் பெயரின் முதலெழுத்து, பின்னால் அப்பாவின் முழுப் பெயர். அதைப் பார்த்துக்கொண்டே மேசைக்கு நடந்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி வாசித்தால் முதலெழுத்து அப்பாவுடையது, முழுப் பெயர் ஆளுடையது. அப்படி வாசித்தால் அந்தத் துண்டின்படி நான் என் அப்பாவுக்கு அப்பா.

மேசைக்கு வந்து சேரவில்லை. நடுவழியில் நின்றுவிட்டேன்.

நோர்வேக்காரர் எழுதிய பட்டியலை நான் தமிழனாக வாசித்திருக்கிறேன். ஆறாவது ஆளின் முதலெழுத்து, அண்ணையின் பெயர் தொடங்குகிற அதே எழுத்து. அப்படியென்றால் பின்னால் இருக்கும் பெயர்?

பெட்டியை வைத்துவிட்டு, பூட்டறைக்கு ஓடாத குறையாகப் போய், பையிலிருந்த தொலைபேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, உங்கடை மாமனாற்றை பேர் என்ன?"

"ஏன் தம்பி, திவசம் குடுக்கப் போறியளோ?"

"பேரைச் சொல்லுங்கோ அக்கா."

சொன்னார். பட்டியலில் இருந்த பெயர்.

"முந்தி இவருக்கும் கடிதமெல்லாம் அந்தப் பேரிலைதான் வாறது," என்றார். "குடியுரிமை எடுக்கேக்கைதான் மாத்தினவர். செத்த மனுசன்ரை பேரிலை தன்னை ஏசுறாங்கள் எண்டு ஒரே புறுபுறுப்பு. ஏன், என்ன நடந்தது? உங்கடை குரல் ஒரு மாதிரிக் கிடக்கு."

ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்தேன். தொலைபேசியில் அந்தச் செய்தி இன்னும் இருந்தது. 'அப்பாவில் கோபப்படாதே, மனித மனம் இப்படித்தான்' என்று ஒரு வசனம் வேறு எழுதி வைத்திருந்தேன். அழித்தேன். ஒழுங்காக அழிந்ததா என்று இரண்டு முறை பார்த்தேன். அனுப்பியிருந்தால்? வெள்ளிக்கிழமை மலர் அச்சாகியிருக்கும். அப்பா கள்ளன் என்று அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்க நம்பியிருக்கும். அதற்கு ஆதாரமாக நானே அரச முத்திரையோடு ஒரு இலக்கமும் கொடுத்திருப்பேன். ஒரு இலக்கத்தை மறந்தது என்னைக் காப்பாற்றியது. நாலு வார்த்தை பேசக் கிடைத்தால் எதையும் மறக்காதவன் நான்.

திரும்பிப் போய், இந்த முறை பெட்டியைக் கடைசித் தாள்வரை படித்தேன். அடியில், விருந்தை நடத்திய அதிகாரி ஒருவர் பென்சிலால் கிறுக்கிய குறிப்பு. எரிச்சலில் எழுதியது எழுத்திலேயே தெரிந்தது. விருந்தினர் யாரிடமும் சொல்லாமல் சமையலறைக்குள் போய்ப் பணியாளர் எல்லாருக்கும் கை கொடுத்தாராம். புறப்பாடு ஏழு நிமிடம் தாமதமாம். இனிமேல் அந்தக் கதவில் ஆள் நிறுத்த வேண்டுமாம்.

நான் மூச்சு விட்டது பக்கத்து மேசைக்காரருக்குக் கேட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தார்.

மகளைக் கூப்பிட்டுப் பட்டியலையும் குறிப்பையும் சொன்னேன். என் பிழையையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் பட்டியலை விளக்க வழி இருக்கவில்லை. அவள் வேலையில் இருந்தாள். பின்னால் யாரோ நோர்வேஜிய மொழியில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எத்தினையாவது பேர் மாமா?"

"ஆறாவது."

"ஆறாவது," என்று தனக்குள் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கோ. முதல் பக்கத்தை நான் எழுதுறன்" என்றாள்.

விழாவில் அந்த முதல் பக்கத்தை அவளே ஒலிவாங்கியில் வாசித்தாள். அதிகாரியின் குறிப்பை முதலில் நோர்வேஜிய மொழியில், பிறகு தமிழில். நாலாம் வகுப்பில் தான் சொன்னது உண்மை என்று தன் பிள்ளைகளுக்கு இனிச் சொல்லப்போவதாகச் சொன்னாள். மண்டபம் கை தட்டியது. அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அண்ணை மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து இருந்து, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதை முடியும்வரை எழும்பிப் போகாமல் நிற்பதை அவர் கனகாலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தார்.

இப்போதெல்லாம் யாராவது நம்ப முடியாத கதை சொன்னால் நான் ஆதாரம் தேடுவதற்கு முன், அது பொய்யாக இருந்தால் எனக்கு ஏன் சந்தோசம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். பல நேரம் தேடல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

சாப்பாட்டு வரிசையில் அண்ணை தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் பெரிய காரியமில்லை என்ற முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"எட்டுப் பேருக்கு மொத்தமா ஏழு நிமிசந்தானோ?" என்றார். "அப்ப ஆளுக்கு ஒரு நிமிசம்கூட வராது. நான் இவ்வளவு காலமும் ஆள் நிண்டு பத்து நிமிசம் என்னோடை கதைச்சவர் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான். நீர் உந்தப் பெட்டியைத் திறக்காமல் விட்டிருக்கலாம் ஐசே."