பின்சக்கரத்தில் நாலு விரல்

புக்கிட் பெலிம்பிங் பக்கம் பெரிய சாலையோரத்தில் இருக்கும் டயர் கடையில் கிளாரிஸ்ஸா வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. சேர்ந்த அன்று கடை முதலாளி தவுக்கே சொன்னது இவ்வளவுதான்: போனை எடு, பில் எழுது, டயர் பக்கம் போகாதே. போகாமல் இருக்க அவளால் முடியவில்லை. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் அடுக்கியிருக்கும் டயர்களைச் சுற்றி நடந்து, பக்கவாட்டில் இருக்கும் எண்களை உதட்டுக்குள் வாசித்துக்கொண்டே போவாள். பார்க்கிறவர்களுக்கு ஜெபமாலை சொல்வது மாதிரி இருக்கும். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். கணக்குதான் அவளுக்குப் பிடித்த பாடம், ஆனால் அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

டயர் மாட்டுகிறவர் நடராஜா. தோட்டத்து டிராக்டர் பட்டறையிலிருந்து வந்தவர். தோட்டத்தில் பேரேடு எழுதுகிறவர் கிராணி என்பதால், பில் எழுத வந்தவளுக்கும் அந்தப் பெயரை வைத்தார். முதலில் கிண்டலாகத்தான் வைத்தார். இரண்டாம் வருஷம் ஒரு வேனுக்கு அவர் கண்ணால் பார்த்துச் சொன்ன டயர் ஏறவில்லை, அவள் சொன்னது ஏறியது. அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும், "கிராணிகிட்ட கேளு. அது சொன்னா சொன்னதுதான்" என்று திரும்பிவிடுவார்.

வீட்டில் அவள் பேச்சை யாரும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. புருஷன் லூகாஸின் காதில் பாதிதான் விழும், மகனுக்கு எந்நேரமும் போன். கடையில் மட்டும், அவள் எண் சொன்னால் எதிரில் நிற்கிற ஆள் பேனாவைத் தேடுவான்.

அவள் அடிக்கடி சொல்கிற யோசனை ஒன்று உண்டு. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடுகிற காருக்கு ஒருபடி உயரமான டயர் போடு. பின்னால் நாலு பேர் ஏறினால் வண்டி உட்காரும், குழியில் அடிவயிறு தட்டும், உயரமாக இருந்தால் தப்பிக்கும். நூறு கார்களுக்குச் சொல்லியிருப்பாள். ஒன்றில்கூட அது தவறவில்லை.

இருசப்பன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முப்பது வருஷம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் காசு வந்ததும் பழைய ஜெர்மன் கார் ஒன்று வாங்கினார். அது போதாதென்று கெர்லிங்கில் ஒருவனிடம் பதினெட்டு அங்குல ரிம் நான்கு வாங்கி வந்திருந்தார். முன் ரிம் எட்டு அங்குல அகலம். பின் ரிம் ஒன்பதரை.

"இந்தா பாரு தங்கச்சி. முன்னால ஒல்லி, பின்னால தடி. வாங்குனப்பவே என் வீட்டுக்காரி ஞாபகந்தான் வந்துச்சி."

"அக்கா காதுல விழட்டும், ரிம்மோட சேத்து உங்களையும் கெர்லிங்குக்கே அனுப்பிருவாங்க."

"ஞாயித்துக்கிழமை என் மவ மாலாவுக்குக் கல்யாணம். டேவான் மண்டபத்துக்குப் பொண்ண நாந்தான் ஓட்டிட்டுப் போவேன். முப்பது வருஷமா செம்பனக் கொலையத்தான் ஏத்தி எறக்கினேன். ஒரு நாளாவது ஒழுங்கா மனுசங்கள ஏத்தணும்ல?"

முன்னால் 225/40 என்று அவள் சொன்னாள். அது சரி. பின்னால் 255 அகலம். அதுவும் சரி. சாய்கோட்டுக்கு அடுத்த எண்ணுக்கு வந்தபோது இருசப்பன் குறுக்கே பேசினார். "பின்னால மூணு பேரு, பட்டுச் சேல, தட்டு, மால. உட்காந்துரக் கூடாது தங்கச்சி."

"அப்ப முன்னால நாப்பதுன்னா பின்னாலயும் நாப்பதே போட்டுரலாம். கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

இருசப்பன் எழுதிக்கொண்டார். கிள்ளானிலிருந்து டயர் வந்தது. வியாழக்கிழமை நடராஜா மாட்டினார். காரின் பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. நடராஜா இரண்டடி பின்வாங்கிப் பார்த்துவிட்டு, "வெட்டுக்கிளி மாதிரி இருக்கு லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது.

"தங்கச்சி, மீட்டர்ல மஞ்சள் லைட்டு ஒண்ணு எரியுது. சக்கரம் படம் போட்டிருக்கு."

"எப்பேர்ந்துண்ணே?"

"டயர் மாட்டி வீட்டுக்கு வர்றதுக்குள்ள."

நடராஜாவிடம் சொன்னாள். "பழைய ஜெர்மன் காரு. லைட்டு எரியாட்டிதான் பயப்படணும்" என்று அவர் வேறொரு வண்டியின் அடியில் நுழைந்தார்.

கிளாரிஸ்ஸா பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிப் பார்த்தாள். நாற்பது என்பது உயரம் அல்ல. அகலத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு. இது அவளுக்குத் தெரியாததா? முன்னால் 225இல் நாற்பது பங்கு, தொண்ணூறு மில்லிமீட்டர். பின்னால் 255இல் நாற்பது பங்கு, நூற்றிரண்டு. எண் ஒன்றாக இருந்ததால் உயரமும் ஒன்றுபோல என்று மனசு எடுத்துக்கொண்டுவிட்டது. தூக்கல் கொஞ்சம்தான் என்று வாயும் சொல்லிவிட்டது. 35 என்று போட்டிருந்தால் எண்பத்தொன்பது வந்திருக்கும். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே உயரம்.

நூறு கார்களுக்குச் சொன்ன யோசனை நாலு சக்கரமும் சேர்ந்து உயர்ந்ததால் பலித்தது. இங்கே இரண்டு மட்டும் உயர்ந்திருக்கிறது. பின்சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது, முன்சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது. ஏதோ ஒன்று வழுக்குகிறது என்று கார் நினைக்கிறது. பிரேக்கை மிதிக்கிற நேரத்தில் அது என்ன செய்யும் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதோடு, ஆள் ஏறினால் மட்கார்டு இறங்கி அந்த உயரமான ரப்பர்மேல் உட்காரும். மாலா ஏறுவாள். அவள் அம்மா தாயம்மா ஏறுவாள்.

பில் புத்தகத்தை மூடினாள். பிறகு திறந்து இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். அதேதான் வந்தது.

ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். மஞ்சள் விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு ஓடுகிற கார்கள் கோல சிலாங்கூரில் எத்தனையோ. டேவான் பத்து நிமிஷ தூரம். சொன்னால், நாளையிலிருந்து அவள் எண் சொல்லும்போது எதிரில் நிற்கிறவன் பேனாவைத் தேட மாட்டான். நடராஜாவின் முகத்தைப் பார்ப்பான்.

மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். நடராஜா சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது சொன்னாள்.

"அண்ணே, இருசப்பன் அண்ணன் காருக்குப் பின் டயர் அளவு தப்பு."

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்றேன்."

நடராஜா துண்டால் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"நீ சொன்னா அப்ப தப்பாத்தான் இருக்கும்" என்றார். "ஜாக்கு எடுத்துக்கிறேன். கடைய சாத்திட்டுப் போவோம்."

இருசப்பன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கார் மாமரத்தடியில் பளபளவென்று நின்றது. விஷயத்தைக் கேட்டதும் இருசப்பன் சிரித்தார். விளையாடுகிறாள் என்று நினைத்தார். கணக்கு எழுதிய பில் புத்தகத்தைக் காட்டினாள். அவர் அதை வாங்கவே இல்லை.

"கணக்கெல்லாம் எனக்கு வேணாம் தங்கச்சி. கண்ணுல காட்டு."

சுண்ணாம்புக் கட்டி கேட்டாள். முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு, அதற்கு நேராகச் சிமெண்டுத் தரையில் ஒரு கோடு. நடராஜாவும் இருசப்பனும் காரைத் தள்ளினார்கள். முன் டயரின் கோடு சுற்றிவந்து தரையைத் தொட்டதும், "நிறுத்துங்க" என்றாள். அந்த இடத்தில் தரையில் கோடு போட்டாள். இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னாள். பின் டயரின் கோடு அப்போதுதான் தரைக்கு வந்தது. முன் டயர் தன் கோட்டைத் தாண்டிப் போயிருந்த அந்த இடைவெளியில் இருசப்பனின் கையைப் பிடித்து வைத்தாள். நாலு விரல் கச்சிதமாக நின்றது.

"ஒரு சுத்துக்கு நாலு விரல் வித்தியாசம். டேவான் போறதுக்குள்ள எத்தன சுத்துன்னு பாத்துக்குங்க."

பிறகு மாலாவையும் தாயம்மாவையும் பின்சீட்டில் ஏறச் சொல்லி, நடுவில் தானும் உட்கார்ந்தாள். முகத்தில் மஞ்சளோடு இருந்த மாலா, "அக்கா, நாளான்னைக்கும் இப்பிடித்தான் நசுங்கணுமா?" என்றாள். இருசப்பன் வாசலிலிருந்து சந்துக்குள் திருப்பினார். முதல் பள்ளத்தில் கர்ரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தார்கள். டயரின் தோளில் புதிதாக ஒரு கோடு, மட்கார்டின் விளிம்பு தேய்த்த கோடு.

இருசப்பன் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"தப்பு என்னுதுண்ணே" என்றாள் கிளாரிஸ்ஸா. "நீங்க கேட்டது பின்னால உட்காரக் கூடாதுன்னு. வேணாம்னு நான்தான் சொல்லியிருக்கணும். சரியான டயர் கிள்ளான்லேர்ந்து திங்கக்கிழமைதான் வரும். தவுக்கேகிட்ட நான் பேசிக்கிறேன். இப்பதைக்குப் பழைய சக்கரத்த மாட்டணும்."

"பழசா? அந்தத் தகரச் சக்கரத்தோடயா என் மவ மண்டபத்துல எறங்கணும்?"

பந்தல் போடுகிறவர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவள் இன்னொரு தடவை சொன்னாள். "என் கணக்குத்தான் தப்பு."

தாயம்மாவுக்குப் பிரச்சினை வேறு. "நேத்துதான் நாலு எலுமிச்சங்காய வச்சி நசுக்கினேன். கழிச்ச டயர கழட்டுனா என்னாவறது? கல்யாணம் முடியட்டும், அப்பறம் எதையோ பண்ணுங்க."

"நசுக்குன பலன்லதான் கல்யாணத்துக்கு முன்னாலயே தப்பு தெரிஞ்சிச்சோ என்னமோ" என்றார் நடராஜா.

தாயம்மா அவரை முறைத்தாள். பிறகு டயரில் இருந்த கோட்டைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

பழைய சக்கரங்கள் கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்தன. இருசப்பனே உருட்டிக்கொண்டு வந்தார். நடராஜா மாட்டி முடிக்கும்வரை அவர் அந்தப் புது ரிம்களைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக, முடிச்சுப் போட்டு. கிளாரிஸ்ஸாவின் பக்கம் அவர் திரும்பவில்லை. அவள் போல்ட்டுகளை எண்ணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி மூன்று பேரும் பின்னால் ஏறினார்கள். அதே சந்து, அதே பள்ளம். சத்தம் இல்லை. செம்பனைத் தோட்டத்து ஓரமாகப் போகும் மண்சாலை வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வழியில் எங்கேயோ மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. அதை முதலில் பார்த்தவர் இருசப்பன்தான்.

"திங்கக்கிழமை பின்னாலுக்கு என்ன நம்பர் வரும்?" என்றார் கண்ணாடி வழியாக.

"255/35ண்ணே."

"எழுதிக் குடு. மறந்துருவேன்."

வீட்டு வாசலில் இறங்கியதும் தாயம்மா உள்ளே போய், தட்டில் நான்கு எலுமிச்சங்காய்களைக் கொண்டுவந்தாள். மூன்று சக்கரங்களுக்கு முன்னால் அவளே வைத்தாள். குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிறது என்று, நாலாவதைக் கிளாரிஸ்ஸாவின் கையில் கொடுத்தாள்.

"நான் கோயிலுக்குப் போறவ இல்லியேக்கா."

"டயருக்கு அது தெரியுமா? வைம்மா."

பின்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, காயை நடுவில் வைத்தாள். கோணலாகத் தெரிந்தது. எடுத்து, நேராக்கி, மறுபடி வைத்தாள்.