டாக்டர் கேட்டது என்னை அல்ல

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்காக எப்போதும் நானே பேசுவேன்.

வெங்காய மூட்டையோடு விழுந்ததிலிருந்து அம்மாவுக்குத் தீராத இடுப்பு வலி. டாக்டர் எழுதிய டிரமடால் மாத்திரை முதலில் நன்றாகக் கேட்டது. சில மாதங்களில், "மாத்திரை கேக்கலடி" என்று புலம்ப ஆரம்பித்தார். "வேளாவேளைக்குப் போட்டா கேக்கும்" என்று எரிந்து விழுந்தேன்.

அடுத்த முறை டாக்டர், "எத்தனை போடுறீங்க?" என்று கேட்டதும், "ரெண்டுதான் சார், கரெக்டா போடுறாங்க. ஆனா வலி குறையல" என்றேன். அவர் வீரியத்தைக் கூட்டி எழுதினார்.

இரண்டாம் நாள் மதியம் அம்மாவை எழுப்பவே முடியவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது. எங்கள் ஊர் குன்னத்திலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள்.

கண் விழித்தவரிடம் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். "ரெண்டு சார்" என்றேன்.

"உங்களைக் கேக்கலம்மா" என்றார்.

அம்மா நான்கு விரலைக் காட்டினார். பழையது கேட்காமல், பக்கத்து வீட்டு அக்காவிடமும் அதே மாத்திரையை வாங்கி நாலு போட்டுப் பழகியவர், புதிய மாத்திரையிலும் நாலு போட்டிருக்கிறார்!

"ஏம்மா சொல்லல?"

"நீதான் படிச்சவ, முந்திக்கிட்டுப் பேசிடுறியே. நான் எங்கடி பேசுறது?"

நாளாக நாளாக உடம்பு இந்த மருந்துக்குப் பழகிவிடுமாம். அதற்காக நாமாகக் கூட்டவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாதாம். இப்போது அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உடற்பயிற்சியும் சொல்லிக் கொடுக்கிறார்கள். வலி முழுதாகப் போகவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் உண்டு. ஆனாலும் டாக்டரிடம் சீட்டை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். போன வாரம் அம்மா பத்து நிமிடம் பேசினார். அதில் பாதி எனக்கே தெரியாது.