பின்னோக்கி நடந்த ஞாயிற்றுக்கிழமைகள்

லண்டனில், மிச்சம் பகுதியில், மரக்கறி வாங்கப் போன கடையில் ஒரு சிறுமி டால்கம் பவுடர் டப்பாவைக் கீழே போட்டுவிட்டாள். கடைக்காரர் தலையில் கை வைத்தார். நான் அந்த வாசனையை இழுத்துக்கொண்டு நின்றேன். மற்றவர்களுக்கு அது குழந்தைப்பிள்ளை வாசனை. எனக்கு டாங்கோ நடனம். சிரிக்காதீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் நானும் என் சிநேகிதன் நேசனும் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினோம். வடக்கு லண்டன் எட்மண்டனில் ஒரே அறை. கூடக் கழுவிய ஹெக்டர் எங்கள் வயதுக்காரன், அர்ஜென்டினாவிலிருந்து வந்தவன். ஞாயிறு மத்தியானம் ஒரு மண்டபத்தில் டாங்கோ பழகலாம், வாருங்கள் என்றான். அங்கே ஹீட்டர் உண்டு என்பதால் போனோம். பெண்கள் வருவார்கள் என்ற நப்பாசையும்தான், ஏன் பொய் சொல்ல.

ஒரு பெண்ணும் இல்லை. சப்பாத்து வழுக்குவதற்காகத் தரையில் பவுடரைத் தூவியபடி ஹெக்டர் விளக்கினான். அவன் அப்பா காலத்தில் ஆண்கள் ஆண்களோடுதான் ஆடிப் பழகுவார்களாம். முதல் பல மாதங்கள் பெண்ணின் பாகம். அணைத்திருப்பவனை நம்பி, கண்ணை மூடிப் பின்னோக்கி நடக்க வேண்டும். அது வந்தால்தான் மற்றவரை நடத்த விடுவார்கள். பெண்களோடு ஆடுவது அதற்கும் பிறகு. எனக்கு வேர்த்துவிட்டது. நான் அப்பாவைக்கூடக் கட்டிப்பிடித்ததில்லை.

நான் ஒரு மாதிரி ஒப்பேற்றினேன். நேசனுக்கு இரண்டு அடி வைப்பதற்குள் தலை திரும்பிவிடும். ஊரில் ஆமிக்காரர் அவனைப் பின்னாலிருந்து வந்துதான் பிடித்துக்கொண்டு போனார்கள். லண்டன் பஸ்ஸிலும் கடைசி சீட்டில்தான் இருப்பான்.

"மச்சான், எனக்கு ஏலாது. நான் இருந்து பாக்கிறன்."

"பின்னுக்கு நான் பாக்கிறன். நீ கண்ணை மூடு."

"ஆரும் வந்தா?"

"வந்தா உன்னைத் திருப்பிவிடுறன்."

ஒருநாள் அவனைக் கொண்டுபோய் ஹீட்டரில் முட்டவைத்தேன். அன்றோடு போச்சு என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு எனக்கு முன்பே சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றான்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, வாசலிலிருந்து மேடைவரை தலை திரும்பாமல் நடந்தான். அவன் பாரம் முழுக்க என் நெஞ்சில். ஹெக்டர் டேப்பின் சத்தத்தைக் கூட்டினான். பாட்டு முடிந்தும் நேசன் என்னை விடவில்லை.

"ஒருத்தரும் வரேல்லை, என்ன?"

"ஓம். ஒருத்தரும் வரேல்லை." எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது அதே மண்டபத்தில் சுவர் நிறையக் கண்ணாடி. முதல் நாளே ஆண்களுக்கு நடத்தக் கற்றுக்கொடுக்கிறார்கள், அடிகளை எண்ணி. ஹெக்டர் எங்கே என்று தெரியாது. நேசன் டொராண்டோவுக்குப் போய்ப் பிள்ளைகுட்டிக்காரன் ஆகிவிட்டான்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு வந்தான். கோட்டும் தொந்தியுமாக எதிரெதிரே நின்றோம். சுற்றிவர உறவுக்காரர்.

"எப்பிடி மச்சான்?"

"இருக்கிறன்."

கை குலுக்கினோம். கட்டிப்பிடிக்க எனக்கு ஆசையாக இருந்தது. அவனுக்கும் இருந்திருக்கும். இரண்டு பேருக்கும் துணிவு வரவில்லை.