தப்பான கொடியோடு ஒரு பிரதி

புதூர் பஸ் கண்டக்டர் வண்டியை விட்டு இறங்கி அச்சகத்துக்குள் வந்தபோதே நல்ல சேதி இல்லை என்று தெரிந்துவிட்டது. சாதாரண சேதி என்றால் படியில் நின்றபடி விசிலடித்துச் சொல்லிவிட்டுப் போவார். "வேலுச்சாமி அண்ணாச்சி காலைல தவறிட்டாவ" என்றார். மிஷினை நிறுத்தினேன். அவரோடு பழகிய உங்களுக்கெல்லாம் அவரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கும். எனக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் எங்கள் இருவருக்கும் வேலை. அவர் ஓவியர், நான் மிஷின்மேன். ஆடு மேய்த்த குடும்பத்தில் பிறந்தவருக்குக் கடற்கொள்ளையர் பைத்தியம் பிடித்தது, பழைய பேப்பர் கட்டில் வந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தால். அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு படித்தார். பிறகு மதுரை, தூத்துக்குடி என்று நூலகம் நூலகமாக அலைந்து, தமிழில் ஒரு வரலாறே எழுதிவிட்டார். அவருடையது உடும்புப்பிடி.

மதுரைப் பதிப்பாளர் ஒருவர் புத்தகம் போட ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை. எதிரி நாட்டுக் கப்பல்களைக் கொள்ளையடிக்க அரசனிடம் அனுமதிக் கடிதம் வாங்கிப் போனவர்களை வீரர்களாகக் காட்ட வேண்டும். கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். போர் முடிந்து கடிதம் செல்லாமல் போனதும் அதே தொழிலைத் தொடர்ந்த மாலுமிகளைக் கொள்ளையர்கள் என்று தூக்கில் போட்ட கதை அந்த அத்தியாயத்தில்தான் இருந்தது. "கப்பல் மாறல, கத்தி மாறல. ராசா குடுத்த சீட்டுதான் இல்லாமப் போச்சு. அதை எடுத்துட்டா பொறவு புத்தகத்துல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கி வந்துவிட்டார்.

நாங்களே அச்சடித்தோம். நிறம் பிசகிய லேபிள் தாள்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி, அவற்றின் வெள்ளைப் பின்புறத்தில். ஒரு பக்கம் கடற்போர். புரட்டினால் வரிசை வரிசையாகப் பச்சைக்கிளி. அட்டையில் அவரே வரைந்த கப்பல், லேபிள் அளவில். முதல் பிரதியில் கையெழுத்துப் போட்டு எனக்குத் தந்தார்.

தூத்துக்குடியில் தோணி ஓட்டும் தண்டல் ஒருவருக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தோம். அட்டையைப் பார்த்ததுமே அவர் சிரித்துவிட்டார். "பாய் முன்னால புடைச்சிருக்கு, கொடி பின்னால பறக்குது. ஒரு கப்பலுக்கு ரெண்டு காத்தா அண்ணாச்சி?"

வேலுச்சாமி சிரிக்கவில்லை. திரும்பும் ரயில் மணியாச்சியில் நின்றது. அப்போதுதான் சொன்னார்: "பஸ்ஸுல கட்டுன கொடியப் பாத்தே வளந்தவன் வே நான். கப்பலத் தள்ளுததே காத்துதான்னு தோணாமப் போச்சே." கரிசல்காட்டுக்காரன் செய்கிற தப்புதான். நானும் அதைப் பார்த்துத்தானே அச்சடித்தேன்.

மறுநாளே கொடியைத் திருத்திப் புதுக் கப்பல் வரைந்தார். அதை லேபிள் போலவே அச்சடித்து வெட்டினோம். வீட்டில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் அவர் மனைவியும் அவரும் ஒவ்வோர் அட்டையிலும் பழைய கப்பலின் மேல் அதை ஒட்டினார்கள். ஏற்கெனவே கொடுத்த பிரதிகளைத் தேடி, பசை டப்பாவோடு ஊர் ஊராகச் சைக்கிளில் போனார். "இதை யாரு பாக்கப் போறாவ?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். "கடல்ல நடக்கத யாரும் பாக்க மாட்டாவன்னுதான் ராசாமாரும் சீட்டு குடுத்தாவ" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

என் பிரதியை மட்டும் நான் காட்டவில்லை. முதல் பிரதி, அதன்மேல் பசை தடவ மனம் வரவில்லை. பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் புதுக் கப்பல் ஒன்றை என் கையில் திணித்தார். "கெடச்சா ஒட்டிரும்." அதற்குப் பிறகு எத்தனையோ முறை கேட்டுவிட்டார். போன மாதம் படுக்கையில் கிடந்தபோதும் கேட்டார்: "அது ஒண்ணு மட்டும் எங்கன கெடக்கோ, தப்பான கொடியோட." அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை மைதாப் பசை காய்ச்சினேன். அவர் தந்த புதுக் கப்பலை என் பிரதியின் அட்டையில் ஓரம் பார்த்து ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினேன். புத்தகம் மறுபடி அச்சேறும். கடைசி அத்தியாயத்தில் ஒரு வரி குறையாது. அதற்கு நான் பொறுப்பு. அவருடையதென்று என்னிடம் இருப்பது இந்தப் பிரதியும், தப்பு தெரிந்த பிறகு சும்மா இருக்க விடாத அந்தப் பிடிவாதமும்தான்.

ஒட்டிட்டேன் வே. அந்த ஒண்ணும் சரியாயிட்டு.