அம்மா அட்டையை மாற்றிக்கொண்ட நாள்

தஞ்சாவூர் மண்டப வாசலில் இரண்டு மேசை போட்டிருந்தார்கள். ஒன்றில் நீல அட்டை, குடியை விட்டவர்களுக்கு. இன்னொன்றில் பச்சை அட்டை, அவர்களுடைய குடும்பத்தாருக்கு. நானும் அம்மாவும் படியேறியதுமே நீல மேசைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்து, பச்சை மேசைப் பக்கம் கைகாட்டிவிட்டார்.

"வாங்கம்மா. வீட்டுக்காரர் முன்னாடியே உள்ள போயிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே அங்கிருந்தவர் ஆளுக்கொரு அட்டையை நீட்டினார்.

அம்மா பதில் சொல்லாமல் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. மறைப்பானேன், எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்பா இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் பீடிகூடப் பிடித்ததில்லை. குடித்தது அம்மா.

அம்மா நடவு வேலைக்குப் போகிறவள். பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். தென்னந்தோப்புதான் அதிகம், ஆனாலும் வாய்க்கால் பாய்கிற பக்கம் வயல் உண்டு. பதினெட்டுப் பெண்கள் இருந்த செட்டுக்கு அவள்தான் தலைமை. எந்த வயலில் என்றைக்கு இறங்குவது, யார் நாற்றுப் பறிப்பது, யார் நடுவது எல்லாம் அவள் சொல்கிறபடிதான். அப்பா போன பிறகு முதுகு வலிக்கு என்று ஆரம்பித்தாள். நாற்றுக்கட்டு தூக்க வருகிற ஆட்களிடம் வாங்கி முதலில் ஒரு மூடி. பிறகு ஆள் விட்டு வாங்கிவரச் சொல்கிற அளவுக்கு ஆனது. அப்புறம் காலையிலேயே வேண்டியிருந்தது.

ஒரு சம்பா நடவின்போது, பறித்துப் போட்ட நாற்று வரப்பில் வாடிக்கொண்டிருக்க, அம்மா அடுப்படியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். நான் வயலுக்குப் போய், "அம்மாவுக்குக் காய்ச்சல்" என்றேன். எல்லாரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், "சரி பாப்பா, நீ போ" என்றாள். அந்த வருஷமே செட்டுக்கு வேறு தலைமை வந்துவிட்டது.

நான் பட்டுக்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கடையில் யாருக்கும் இதெல்லாம் தெரியாது. அம்மாவுக்கு வலிப்பு வந்து மூன்று வாரம் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, சுகர் என்றுதான் சொல்லி லீவு போட்டேன். எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஞாயிறு சாயந்திரம் ஒரு கூட்டம் நடக்கிறது என்று அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்தான் சொன்னார். "எல்லாரும் குடிச்சு, விட்டவங்க. ஒருத்தர் கதைய ஒருத்தர் உட்கார்ந்து கேப்பாங்க. அவ்வளவுதான். போய்ப் பாருங்க."

முதல் நாள் உள்ளே ஒன்பது ஆண்கள், அம்மா ஒருத்தி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் எல்லாரும் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே ஸ்கூட்டியில் உட்கார்ந்து, தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்து வந்த அம்மா, "என்னை அக்கான்னு கூப்பிட்டாங்கடி" என்றாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அவள் விட்டதில்லை. தஞ்சாவூரில் பெரிய கூட்டம் என்று அழைப்பு வந்தபோது அவள் குடியை விட்டு ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.

அவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கும்பகோணம், மன்னார்குடி, முத்துப்பேட்டை, கோடியக்கரைப் பக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கீழே பெரிய கூடம் முழுக்க நீல அட்டைக்காரர்கள். தேய்த்த சட்டையும் வாரிய தலையுமாக, கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். டீ கேனை நிரப்பி வைக்க வைக்கக் காலியாகிக்கொண்டே இருந்தது. பார்த்த இடமெல்லாம் ஆண்கள். நீல அட்டையோடு ஒரு பெண்ணைக்கூட நான் பார்க்கவில்லை.

பச்சை அட்டைக்காரர்களுக்கு மாடியில் தனிக் கூட்டம். அங்கே போய் உட்கார்ந்தோம். ஒரு பெண் எழுந்து தன் வீட்டுக்காரர் குடித்த காலத்தை அழுதுகொண்டே சொன்னாள். சாயந்திரம் ஆனால் அவர் வருகிற சத்தத்துக்குப் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்குமாம். நடையை வைத்தே இன்றைக்கு எப்படி என்று கண்டுபிடித்துவிடுமாம். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. கொல்லைப்படலைத் திறக்கிற விதத்திலேயே நான் கண்டுபிடித்துவிடுவேன். அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன்.

அம்மா எழுந்தாள். பாத்ரூம் போகிறாள் என்று நினைத்தேன். படியில் இறங்குவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

"எங்கம்மா போற?"

"அந்தப் புள்ள அழுவுறா. அவ பக்கத்துல நானும் பாவப்பட்டவ மாதிரி உட்கார்ந்திருக்கேன். அழ வச்சவடி நான்."

"விடும்மா. ஒரு நாள்தானே. யாருக்குத் தெரியப்போவுது?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. அம்மா கோபப்படவில்லை. "எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு நேரே நீல மேசைக்குப் போனாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி வைத்தாள்.

"தம்பி, இதை மாத்திக் குடுங்க."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

அவர் ஒரு நிமிஷம் விளங்காமல் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். பெரிய மீசை வைத்த மனிதர். "மன்னிச்சுக்கங்கக்கா, காலையில நான் கேட்டிருக்கணும்" என்று சொல்லி, நீல அட்டையில் அம்மாவின் பெயரைத் தானே எழுதி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

கீழ்க்கூடத்தில் அப்போது ஒவ்வொரு வருஷக் கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷம் குடிக்காதவர்கள் எழுந்து நின்றார்கள். பதினைந்து, பத்து, ஐந்து என்று இறங்கி வந்தது. ஒவ்வொரு முறையும் கைதட்டல். "ஒரு வருஷம் ஆனவங்க எழுந்திரிங்க!" என்றதும் இருபது முப்பது பேர் எழுந்தார்கள். அவர்கள் நடுவில் ஒரே ஒரு புடவை. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா உட்காரவில்லை.

"இவங்கள்ல யாராவது ரெண்டு வார்த்தை பேசுறீங்களா?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள். அம்மா கையைத் தூக்கினாள்.

மேடையேறி, மைக்கைக் குழம்புக் கரண்டி மாதிரி பிடித்துக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள். "நான் ஒரு குடிநோயாளி" என்றாள். நோய் என்று சொல்லத்தான் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பழகியிருப்பாள்.

"நான் நடவு ஆளு. முதுகு வலிக்குதுன்னு குடிச்சேன். கொஞ்ச நாள்ல வலிச்சாலும் குடிச்சேன், வலிக்காட்டியும் குடிச்சேன். ஆம்பள குடிச்சா அவன் பொண்டாட்டி புள்ளையப் பாத்து ஊரு பாவம்னு சொல்லும். நான் குடிச்சதுக்கு எம்மவ தலையக் குனிஞ்சுக்கிட்டு நடந்தா. அவளைப் பாவம்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. முன்னாடி நான் செட்டுக்குத் தலைமை. இப்ப அதே செட்டுல கடைசி ஆளா நடுறேன். முதுகு இப்பவும் வலிக்குது. வலியோடயே நடுறேன்."

கூடம் சிரித்தது. அப்புறம் ஒருத்தர் எழுந்தார், இன்னொருத்தர் எழுந்தார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். கதவோரம் நின்றிருந்த நான், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாளின் கையைப் பிடித்து, "எங்கம்மாங்க, அது எங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

சாப்பாட்டுப் பந்தியில் பச்சை அட்டை போட்ட ஒரு மனிதர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். மன்னார்குடிப் பக்கம் ஏதோ ஊர், சொந்தமாக மளிகைக்கடை என்றார்.

"எல்லாரும் நான் யாருக்காக வந்திருக்கேன்னு கேக்குறாங்க. அண்ணன்னு சொல்லிட்டேன். அண்ணன் இல்லைங்க. என் சம்சாரம். வீட்டுல படுத்திருக்கா. போன் போட்டுத் தர்றேன், ரெண்டு வார்த்தை பேசுறீங்களா?"

அம்மா சாம்பார்க் கையைக் கழுவிவிட்டு வந்து போனை வாங்கினாள். "நானும் உன்ன மாதிரிதான் தாயி" என்று ஆரம்பித்தாள். "சரி, பேச வேணாம். நான் பேசுறேன், நீ கேளு. காலையில ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்றாள். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டே வராந்தாவில் நடக்க ஆரம்பித்தாள். மத்தியானக் கூட்டம் தொடங்க மணி அடித்தும் அவள் உள்ளே வரவில்லை. அந்த மனிதர் ஒரு தூணில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்து அவர்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போனாள். நடுவில் ஒருமுறை மறுபடி குடித்தாள், மறுபடி போனாள். இப்போதும் தினம் காலையில் அம்மாவோடு பேசுகிறாள்.

தஞ்சாவூர் போய்வந்த மறுநாள், திங்கள்கிழமை, நான் கடைக்குப் போனேன். கூட வேலை பார்க்கிற பெண் லென்ஸ் துடைத்துக்கொண்டே, "நேத்து போன் போட்டேன், எடுக்கவே இல்ல. எங்க போயிருந்தீங்கக்கா?" என்று கேட்டாள்.

சொந்தக்காரர் கல்யாணம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"தஞ்சாவூருக்கு. எங்கம்மா குடிச்சுக்கிட்டிருந்தாங்க. விட்டு ஒரு வருஷம் நாலு மாசம் ஆவுது. நேத்து அத்தனை பேர் முன்னாடி மேடையேறிப் பேசினாங்க."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "உங்கம்மாவா?"

"எங்கம்மாதான்."

அவள் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "என்ன பேசினாங்க, சொல்லுங்க" என்றாள். வாடிக்கையாளர் வருகிற வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.