மூடுபனியில் எடுத்த வருகைப்பதிவு

கல்லூரியில் என் எண் இருபத்து மூன்று. இருபத்து நான்கு என் அறைத் தோழன். காலை முதல் வகுப்புக்கு அவன் எழுந்து வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான்கு வருடம் அவனுக்கும் சேர்த்து நான்தான் "எஸ் சார்" சொன்னேன். அவனுடையது மூக்கால் இழுக்கும் குரல். என் எண்ணுக்கு என் குரலில் ஒன்று, அடுத்த மூச்சில் தலையைக் குனிந்துகொண்டு அவன் குரலில் ஒன்று. எந்த வாத்தியாரும் கண்டுபிடித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

போன ஜூலையில், ஆஸ்திரேலியாவின் குளிர்காலத்தில், அந்த வகுப்புக்காரர்கள் ஐந்து பேர் பனிச்சறுக்குக்குப் போனோம். எல்லோரும் அறுபதை நெருங்குகிறவர்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற வயதில் இது தேவையா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் பழைய வகுப்பு ரெப் விடவில்லை. அவன் இன்னும் ரெப்தான், வாட்ஸ்அப் குழுவில் ஆணை போட்டுக்கொண்டே இருப்பான். அவனும் மற்ற இருவரும் என்னைப் போலவே மெல்பர்ன்காரர்கள். அறைத் தோழன் மட்டும் சிட்னியில் பிளாக்டவுனிலிருந்து முந்தின நாளே வந்து, ரோவில்லில் என் வீட்டில் தங்கினான்.

சாப்பிட்டதும் அவன் மாத்திரை டப்பாவைத் திறப்பதைப் பார்த்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களாம்.

"அவனுங்ககிட்ட சொல்லிடாதடா. கெழவனாக்கிடுவானுங்க," என்றான். "நீ இருக்கேல்ல, பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மலைக்குப் போகும் வழியில் வேனை நிறுத்தி ஏறும்போதெல்லாம் ரெப் எங்கள் எண்களைக் கூப்பிட்டான். நாங்களும் கல்லூரிப் பையன்களைப் போல "எஸ் சார்" போட்டோம். சறுக்கிய லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. அறைத் தோழன்தான் அதிகம் சிரித்தான்.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். சறுக்குப் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, வழிக்கு நட்டிருந்த கம்புகளைப் பிடித்து நடந்தே இறங்கினோம். ரெப் முன்னால், அவனுக்குப் பின் அந்த இருவர், பிறகு நான், கடைசியில் அறைத் தோழன். கொஞ்ச நேரத்தில் மேலும் கீழும் ஒரே வெள்ளை. என் கால் எனக்குத் தெரியவில்லை. காற்றுகூட இல்லை. அவ்வளவு அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

யாரும் தவறிவிடக் கூடாதென்று ரெப் எண்களைக் கூப்பிட ஆரம்பித்தான். அவர்கள் சொன்னார்கள், நான் சொன்னேன்.

"ட்வென்ட்டி ஃபோர்!"

"யெஸ்ஸ் சார்." அதே மூக்கு இழுப்பு. நிம்மதியாக நடந்தேன். இன்னும் இரண்டு முறை கூப்பிட்டான், இரண்டு முறையும் பதில் வந்தது. பதில் வந்ததால் நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே மீட்புக் குழுவின் மரவீட்டு வாசலில் நின்றபோது நாங்கள் நான்கு பேர் இருந்தோம்.

"இப்பத்தானே எஸ் சார் சொன்னான்?" என்றான் ரெப்.

"எனக்குப் பின்னாலேர்ந்து சொன்னான்," என்றேன். கேரம் டவுன்ஸ் கோயிலில் நிறுத்திக் கேட்டிருந்தாலும் அதையே சத்தியம் செய்திருப்பேன்.

எனக்கு முன்னால் நடந்தவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "பின்னாலேர்ந்து இல்லடா. உன் எடத்துலேர்ந்துதான் வந்துச்சு. ரெண்டு நம்பருக்கும் பதில்."

ஸ்டென்ட் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மீட்புக் குழுவினர் பனிவண்டியில் மேலே போனார்கள். நாற்பது நிமிடம் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் உதடுகளை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவை அசைந்ததாக எனக்கு நினைவே இல்லை.

உயிரோடு கொண்டுவந்தார்கள். ஒரு மரத்தடியில் பலகைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். மலையிலிருந்த மருத்துவ அறையில் இசிஜி எடுத்து, இரண்டு மணி நேரம் படுக்கவைத்து, இதயத்துக்கு ஒன்றுமில்லை, குளிரும் களைப்பும்தான் என்று அனுப்பினார்கள். போர்வைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மொத தடவ கூப்பிட்டப்பவே எனக்கு மூச்சு வரலடா. கைய மட்டும் தூக்குனேன். நீ எனக்காகச் சொன்ன. சரி, இவன் பாத்துட்டான், வந்துடுவான்னு நெனச்சு உக்காந்துட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அப்பறம் ரெண்டு தடவ கேட்டுச்சு. தூரமா, இன்னும் தூரமா. அப்படியே என் கொரல்டா. நானே கீழ போய்க்கிட்டு இருக்கேன்னு தோணுச்சு."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை.

வேனில் அவனைப் பின்னிருக்கையில் படுக்கவைத்தோம். ரெப் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, விளையாட்டெல்லாம் இல்லாத குரலில், எண்களைக் கூப்பிட்டான். என் முறைக்குச் சொன்னேன். சொன்னதும் கையுறையோடு என் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

"ட்வென்ட்டி ஃபோர்."

பதில் வர நேரமாயிற்று. "யெஸ்ஸ் சார்" என்று மூக்கால் இழுத்துக்கொண்டு அது வந்தபோது, மூவரும் பின்னிருக்கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.