கறை காயாத சுவர்

என் வீட்டுக்காரர் கோவிந்தராஜ் கொத்தனார். போர்ட் பிளேரில் அவர் கட்டிய சுவரில் ஈரம் கசிந்ததாக யாரும் சொன்னதில்லை, ஒரே ஒரு சுவரைத் தவிர. அந்த ஒன்றுதான் என் உயிரை எடுத்தது.

அறுபத்திரண்டாம் வருஷம். வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒன்றில், கூடத்துச் சுவருக்குள் குளிர்காய அடுப்பு கட்டி வைத்திருந்தான். இந்த வேர்வையில் எவனுக்குக் குளிரெடுத்ததோ தெரியவில்லை. புதிதாகக் குடிவந்த இன்ஜினீயர் சாகிப் அதைப் பெயர்த்துவிட்டு வாயை அடைக்கச் சொன்னார். வேலை முடிந்தால் இவருக்கு லீவு. நாங்கள் மெயின்லேண்டு போகலாம்.

அங்கே என் மகள் சுசீலா இருந்தாள். முதன்முதலில் இந்தத் தீவுக்கு நாங்கள் கப்பலேற வந்த நேரத்தில் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். பரமக்குடி அக்கா அலமுவிடம் விட்டுவிட்டு வந்தேன். நாங்கள் குடியிருந்த பத்துபஸ்தியில் எந்த வீட்டுப் பிள்ளை அழுதாலும் எனக்குக் கைவேலை ஓடாது. "ஒரு தடவை கப்பலேறினா போதும், அப்புறம் இந்தத் தீவுப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்" என்று இவரிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். இவர் சோற்றைப் பிசைவார்.

அடுப்பைப் பெயர்த்தார், செங்கல் வைத்து அடைத்தார், பூசி வெள்ளையடித்தார். மழை பெய்ததும் வெள்ளைக்கு மேல் கரிக்கறை வழிந்தது. "பஹலே டீக் கரோ, ஃபிர் சுட்டி" என்றாராம் சாகிப். சுவர் சரியானால்தான் லீவு.

சுரண்டிப் பூசினார். மறுபடி கறை. ஒரு கப்பல் போனது, அடுத்ததும் போனது. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகலாமென்றால் சுற்றிலும் கடல். நீங்களெல்லாம் ஒரு கொத்தனாரா என்று ஏசிப் பார்த்தேன். அவர் கரணையை எடுத்துக்கொண்டு மறுபடி சுரண்டப் போய்விட்டார்.

ஒருநாள் கொட்டுகிற மழையில் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். பங்களாக் கூரையை அண்ணாந்து பார்த்தால், அந்த அடுப்பின் புகைபோக்கி வாய் வானத்துக்குத் திறந்து கிடக்கிறது. பெய்கிற மழையெல்லாம் பழைய கரியைக் கரைத்துக்கொண்டு அதற்குள்தான் இறங்குகிறது. எங்கள் கூரையில் ஓர் ஓடு விலகினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஏறுகிற மனுஷன் இவர்.

"மேல ஏன் அடைக்கலை?"

கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

"அடைச்சா சுவர் காஞ்சிடும். காஞ்சா நீ போயிடுவ. போனா வரமாட்டேன்னு நீதானே சொன்ன, நீலா."

சாகிபிடம் சொன்னால் இவர் வேலை போகும், அதோடு நாங்கள் குடியிருந்த அறையும் போகும். சொல்லாவிட்டால் பிள்ளையின் முகம் எனக்கில்லை. ஓங்கி அறையலாம் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

"வருவேன். புள்ளையோட திரும்பி வருவேன். ஏறி அடைங்க" என்றேன்.

மழை விட்டதும் ஏணியைச் சாத்தினேன். அவர் பலகைக்கல்லைச் சுமந்து ஏறினார். நான் கலவையை எடுத்துக் கொடுத்தேன். அதன்பிறகு சுவர் காய்ந்தது. லீவும் கிடைத்தது.

தீவுக்குத் திரும்பும் கப்பலில் சுசீலா என் இடுப்பில் இருந்தாள். கப்பல் நகர்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் என் முந்தானை நுனியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். நாலு பேர் பார்க்கிறார்கள், விடுங்கள் என்றேன். மதராஸ் துறைமுகம் கண்ணுக்கு மறையும்வரை அவர் விடவில்லை.